மழையங்கியும் கொங்காணியும்

மழையைப் போற்றுவதில் நம் புலவர்கள் குறை வைக்கவில்லை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் போற்றியபின் மழையைப் போற்றினார். ஆயின், அம்மழையின் கீழே நின்று தொழில் செய்யும் மனிதர் தம் உடலை எதனால் மூடிக்கொண்டார்கள் என்பதை அறிய இலக்கியத்திற் சற்றுத் தேடவேண்டியிருக்கிறது. நற்றிணையில் ஓர் இடையன் வருகிறான். முதுகிலே ஓலைப் பறி, கையிலே கோல். அக்கோலை ஊன்றி, மழைத்தூவல் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்க, நின்றபடியே ஆடுகளை விளித்து அழைக்கிறான். ஒரு பக்கம் நனைந்தது என்று அப்புலவர் சொல்லியிருப்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மழைக்காப்பு எதுவாயினும் அது எவ்வளவு காக்கிறது, எங்கே காக்கத் தவறுகிறது என்பதை ஒருவர் கூர்ந்து கண்டிருக்கிறார்.

இன்று ஓலைப் பறியின் இடத்தில் மழையங்கி வந்துவிட்டது. கடையில் தொங்கும்போது எல்லா மழையங்கிகளும் நீர் புகாதவையே. இரண்டு மழைக்காலம் கழிந்தபின்னும் நீர் புகாமல் நிற்பது எது என்பதுதான் வாங்குபவன் கேட்கவேண்டிய கேள்வி. நீரைத் தடுக்கும் ஆற்றல் ஒன்று. அவ்வாற்றல் நீடித்து நிற்கும் தன்மை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு உலகம் பல சோதனைகளை வகுத்திருக்கிறது. அச்சோதனைகள் யாருடைய உடலையும் யாருடைய தொழிலையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டன என்று கேட்பதும் நம் கடமை. கண்டியிலிருந்து இதைக் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. மே மாதந் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கத்து மலைகளை நனைக்கிறது. ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சாரலைத் தேடி வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலோ பிற்பகல் தோறும் இடியும் மழையும். இவ்வூரில் ஓர் ஆடை நனைவது எளிது. நனைந்தது உலர்வதே அரிது. ஆகவே மழைக்காப்பு எதனால் அழிகிறது என்பதை அறிய இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

தாளிப்பனை ஓலை

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய ரொபர்ட் நொக்ஸ், தாம் தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இந்நாட்டின் மழைக்காப்பைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். அது தாளிப்பனையின் ஓலை. முழு ஓலை ஒன்று பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் அளவு அகன்றது என்றும், விசிறிபோல மடித்தால் மனிதனின் கை அளவே பருமனாகும் என்றும், எடை மிகக் குறைந்தது என்றும் அவர் கூறுகிறார். போர்வீரர் ஒவ்வொருவரும் அதன் துண்டொன்றைக் கொண்டு செல்வர். பகலில் தலைமேலும் இரவில் கூடாரமாகவும் அது பயன்படும்.

அவர் குறித்துள்ள இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. வழிச்செல்வோர் ஓலைத் துண்டின் கூரிய முனையை முன்பக்கமாக வைத்துத் தலையில் ஏந்திச் செல்வார்களாம். புதரையும் முள்ளையும் விலக்கிச் செல்ல அது உதவும் என்பது காரணம். மழையை மட்டும் எண்ணியிருந்தால் முனை எப்பக்கம் இருந்தாலென்ன? காப்புப் பொருளை அழிப்பது மழையைக் காட்டிலும் வழியிலுள்ள முள் என்பதை அக்காட்டுவழி நடந்தவர்கள் அறிந்திருந்தார்கள். தாளிப்பனை வாழ்நாளில் ஒரேயொரு முறை பூத்துக் காய்த்து மடிவது. பேராதனைப் பூங்காவில் இன்றும் அதனைக் காணலாம். காய்ந்த ஓலையொன்றை எடுத்துப் பல முறை மடித்து விரித்துப் பாருங்கள். பரப்பின் நடுவில் அது கிழிவதில்லை; மடிப்பு விழுந்த கோட்டிலேதான் வெடிக்கிறது. இக்காலத்து விலையுயர்ந்த மழையங்கிகளும் அவ்வாறே மடிப்பில்தான் முதலிற் கெடுகின்றன.

கம்பளியும் 1823ஆம் ஆண்டும்

காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை ஊடாகக் கண்டிச் சீமையை அடைந்தார்கள். அவ்வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அதாவது 1823ஆம் ஆண்டு தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. வெயிற் பூமியிலிருந்து வந்தவர்களுக்கு மலைக் குளிரில் கிடைத்த காப்பு கரடுமுரடான ஆட்டுமயிர்க் கம்பளி. தோட்டத்துப் பேச்சில் அது ‘கம்பிளி’. அதனை மடித்து முனையைத் தலைக்கு மேல் கூம்பாக்கி முதுகில் தொங்கவிட்டால் ‘கொங்காணி’. கம்பளி இல்லாதவர்கள் சாக்கையே கொங்காணியாக மடித்துக்கொண்டார்கள். செடியின் ஈரமும் குச்சியும் இடுப்பைத் தாக்காதபடி சேலைக்கு மேல் சுற்றிக்கொள்வது ‘படங்கு’. அக்கம்பளி இலவசமாக வந்ததன்று. அரிசியைப்போலவே கம்பளியும் முற்பணக் கணக்கில் எழுதப்பட்டுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. எனவே ஒரு கம்பளி எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது அவர்களுக்குக் கடன் பற்றிய கேள்வியாகவும் இருந்தது.

கம்பளி நீர் புகாத பொருளன்று. ஆயினும் அதன் இழை, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியைத் தன்னுள் வாங்கியும் ஈரமென்று தோலுக்குத் தோன்றாமல் இருக்கவல்லது. அவ்வாறு வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. இழையிலுள்ள இயற்கை நெய் நீர்த்துளியைச் சற்று நேரம் தடுத்து நிறுத்துகிறது. முற்றாக நனைந்தபின் அது கனக்கும். எனினும் குளிரைத் தடுப்பதை முழுதும் விட்டுவிடாது.

அதே 1823ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் சார்ள்ஸ் மகிந்தோஷ் என்னும் இரசாயனவியலாளர் ஒரு புதுமைக்கு உரிமம் பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். நீர் ஊடுருவாத துணி பிறந்தது. ஆனால் அதன் குறைகளும் உடன் பிறந்தன. குளிரில் அது விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, கம்பளித் துணியின் இயற்கை நெய் இறப்பரைக் கெடுத்தது, தையற்காரர் ஊசி குத்திய துளை ஒவ்வொன்றிலும் மழை புகுந்தது. இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெப்பத்தையும் குளிரையும் தாங்கும் என்பதை அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக் அம்முறைக்கு உரிமம் பெற்றார். அதன் பின்னரே இறப்பர் மழையங்கி நம்பத்தக்க பொருளாயிற்று.

இறப்பரின் கதையிலும் கண்டிக்குப் பங்குண்டு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் 1876இல் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்நாற்றுகளில் 1,919ஐ அதே ஆண்டிற் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். பேராதனைப் பூங்காவின் பொறுப்பில், வெப்பமிகுந்த தாழ்நிலமாகிய ஹெனரத்கொடையில் அவை வேரூன்றின. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது ஒரு தொடக்கம்.

மழையங்கியின் நான்கு உறுப்புகள்

இக்காலத்து மழையங்கியை நான்கு உறுப்புகள் கூடியதொரு காப்பெனக் கொள்ளலாம்.

முதலாவது, வெளித்துணி. பெரும்பாலும் நைலோன் அல்லது பொலியெஸ்தர். இழையின் பருமனை ‘டெனியர்’ என்ற அளவாற் சொல்வர். 9,000 மீற்றர் நீள இழை எத்தனை கிராம் நிறை உள்ளதோ அத்தனை டெனியர். 20 டெனியர்த் துணி கைக்குட்டைபோல் மெல்லியது; 70, 100 என ஏற ஏறத் தேய்வைத் தாங்கும் வலிமை கூடும், பாரமும் கூடும். சில துணிகளிற் சிறுசிறு சதுரங்களாகத் தடித்த இழை ஓடுவதைக் காணலாம். ஓரிடத்திற் கிழிசல் தொடங்கினால் அத்தடித்த இழை வரப்புப்போல் நின்று மேலும் பரவாமல் தடுக்கிறது.

இரண்டாவது, நீரைத் தடுக்கும் உட்படை. இது பொலியூரத்தேன் பூச்சாகவோ தனி மென்சவ்வாகவோ இருக்கும். அமெரிக்காவில் பொப் கோர் 1969இல் ரெப்லோன் என நாம் அறிந்த பொருளைச் சூடாக்கித் திடீரென இழுத்து, எண்ணற்ற நுண்துளைகளுள்ள சவ்வாக்கும் வழியைக் கண்டார். 1976 முதல் அது கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி புக இடந்தராத அத்துளைகள் நீராவிக்கு வழிவிடுகின்றன. வெளிமழை உள்ளே வாராது. உள்வியர்வை ஆவியாய் வெளியே போகும்.

மூன்றாவது, வெளித்துணியின் மேல் இடப்படும் நீர்விலக்குப் பூச்சு. தாமரை இலையில் நீர் உருள்வதுபோல் மழைத்துளியை உருண்டோடச் செய்வது இதுவே. இது தேய்ந்துபோனால் உட்படை நல்லதாக இருந்தாலும் வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கும். ஆவி வெளியேற வழியின்றி உடலின் வியர்வையே உள்ளே நீராகத் தேங்கும். ‘அங்கி ஒழுகுகிறது’ என்று பலர் குறைசொல்வது பெரும்பாலும் இந்நிலையைக் கண்டேயாகும். நெடுங்காலம் இப்பூச்சுக்குப் புளோரின் சேர்ந்த சேர்மங்களைப் பயன்படுத்தினர். அவை இயற்கையிற் சிதையாது நீரிலும் உடலிலும் தங்குவதால், கலிபோர்னியா 2025 முதலும் பிரான்ஸ் 2026 முதலும் பெரும்பாலான ஆடைகளில் அவற்றைத் தடுக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்தின. மாற்றுப் பூச்சுகள் நீரை விலக்குகின்றன. எண்ணெயையும் அழுக்கையும் அவ்வளவாக விலக்குவதில்லை.

நான்காவது, தையல். ஒரு சென்ரிமீற்றருக்கு நான்கு தையல் என்றால் ஒரு மீற்றர் நீளத்தில் 400 துளைகள். மகிந்தோஷின் காலத்திலேயே வெளிப்பட்ட குறை இது. இன்று தையலின் உட்புறத்தில் சூட்டில் இளகி ஒட்டும் நாடாவை அழுத்தி அத்துளைகளை மூடுகிறார்கள். துணி எத்துணைச் சிறந்ததாயினும் நாடா கழன்றால் அங்கியின் ஆயுள் முடிந்தது.

எவ்வாறு அழிகிறது?

என் அயலவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டிலிருக்கும் மகன் கொண்டுவந்த மழையங்கியை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். யாத்திரை நாட்களில் ஐந்தாறு முறைதான் அணிந்திருப்பார். சில ஆண்டுகளுக்குப் பின் எடுத்து விரித்தபோது உட்புறம் பிசின்போல் ஒட்டியது. தொட்ட இடமெல்லாம் வெள்ளைச் செதிள்கள் உதிர்ந்தன. “போடாமலே பழசாகிவிட்டதே!” என்று அவர் வருந்தினார்.

உண்மையில் அதனைப் பழசாக்கியது காற்றிலுள்ள ஈரம். ஒருவகைப் பொலியூரத்தேனின் மூலக்கூற்றுச் சங்கிலியில் எசுத்தர்ப் பிணைப்புகள் உள்ளன. நீர் மூலக்கூறுகள் அப்பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இவ்வேலை விரைவாக நடக்கும். ஈதர் வகைப் பொலியூரத்தேன் நீரைத் தாங்கும். ஆனால் வெயிலின் ஊதா கடந்த கதிருக்கு அது மெலிவது. இரண்டையும் நன்கு தாங்கும் காபனேற்று வகை விலை கூடியது. ஆகவே ஐரோப்பியக் குளிரில் பத்தாண்டு தாங்கும் அங்கி, கண்டி அலுமாரியில் அதில் ஒரு பகுதிக் காலமே தாங்கக்கூடும். பூட்டிய பெட்டிக்குள் மடித்து வைப்பதிலும், நன்கு உலர்த்திக் காற்றாடத் தொங்கவிடுவது இதற்கு நல்ல பாதுகாப்பு.

ஏனைய பகைகளும் உண்டு. பையின் பட்டி தோளைத் தேய்க்கிறது. முழங்கையும் கழுத்துப்பட்டியும் ஆயிரக்கணக்கான முறை மடிகின்றன. வியர்வையும் தலையெண்ணெயும் ஒட்டுப்பசையை இளக்குகின்றன. துவைத்தால் கெடும் என்றெண்ணி அழுக்குடன் விடுவதும் தவறே. அழுக்கும் எண்ணெயும் தங்கிய இடத்தில் நீர்விலக்குப் பூச்சு தொழிற்படுவதில்லை. மென்மையான சவர்க்காரத்தாற் கழுவி, சவர்க்காரம் எஞ்சாதபடி அலசி, பொருளின் குறிப்பு அனுமதிக்கும் இளஞ்சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு மீண்டும் உயிர்பெறும்.

ஆய்வுகூடத்துச் சோதனைகள்

இப்பகைகள் ஒவ்வொன்றையும் ஆய்வுகூடம் தனித்தனியே பொறியில் ஏற்றிப் பார்க்கிறது.

நீர்த்தடுப்பை அளக்க, 100 சதுர சென்ரிமீற்றர்ப் பரப்புள்ள துணியை இறுகப் பிடித்து ஒரு பக்கத்தில் நீரின் அமுக்கத்தைச் சீராக ஏற்றுவர். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் நீர் அரும்பும் கணத்தில் நிறுத்தி அமுக்கத்தைக் குறிப்பர். அங்கியின் சீட்டில் 10,000 மில்லிமீற்றர் என்றிருந்தால், 10 மீற்றர் உயர நீர்த்தூணை அத்துணி தாங்கிற்று என்பது பொருள். நீர்விலக்குப் பூச்சை அறிய, 45 பாகை சாய்த்துக் கட்டிய துணிமேல் 250 மில்லிலீற்றர் நீரைத் தூவி, நனைந்த அளவைப் படங்களோடு ஒப்பிட்டுத் தரமிடுவர்.

தேய்வுக்கு மார்ட்டின்டேல் பொறி. 1942இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்தில் உருவானது. துணித் துண்டை, ஒரே திசையிலன்றி எல்லாத் திசையிலும் வளைந்தோடும் வழியில், கம்பளித் துணிமேல் அல்லது அரத்தாள்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுத் தேய்க்கும். மடிப்பைச் சோதிக்க வேறொரு பொறி துணியைச் சுருக்கியும் நீட்டியும் ஓயாது ஆட்டும். கிழிசலுக்கு, சிறு வெட்டிட்ட துணியை ஊசற்குண்டின் வீச்சால் கிழித்து, அதற்குச் செலவான விசையை அளப்பர். அயனமண்டலச் சோதனை என்று ஒன்றும் உண்டு. துணியை 70 பாகை வெப்பத்திலும் ஏறத்தாழ நிறைவுற்ற ஈரப்பதனிலும் வாரக்கணக்கில் வைத்துப் பூச்சு சிதைகிறதா என்று பார்ப்பர். என் அயலவரின் அலுமாரியில் சில ஆண்டுகளில் நிகழ்ந்ததைச் சில வாரங்களில் நிகழ்த்திக் காட்டும் முறை இது.

இவற்றுள் நீடுழைப்பை நேராகத் தொடுவது ஐரோப்பிய நியமம் 343. மழையில் தொழில் செய்வோரின் உடைக்கென வகுக்கப்பட்ட நியமம் இது. இதன் மேல்வகுப்புகளுக்குப் புதிய துணியைச் சோதித்தால் மட்டும் போதாது. தேய்த்தபின், மடித்தபின், சலவை செய்தபின், எண்ணெயிற் பட்டபின் நீரமுக்கத்தை ஏற்றிப் பார்க்கவேண்டும். அவ்வாறு நலிந்தபின்னும் 13,000 பஸ்கால், அதாவது ஏறத்தாழ 1.3 மீற்றர் நீர்த்தூண், தாங்கினால் அது மூன்றாம் வகுப்பு. கடைச்சீட்டின் 10,000 மில்லிமீற்றரோடு ஒப்பிட்டால் இவ்வெண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் சீட்டு சொல்வது முதல்நாளின் ஆற்றலை; நியமம் கேட்பது உழைத்துத் தேய்ந்த நாளின் ஆற்றலை. இரண்டுள் நம்பத்தக்கது பின்னதே என்பது என் எண்ணம்.

கொழுந்து மலையில்

இவ்வளவையும் அறிந்துகொண்டு ஹந்தானைச் சரிவிலோ தெல்தோட்டைப் பக்கத்திலோ மழை நாளொன்றில் நின்று பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அப்பக்கத்திலேதான் இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்களின் முதுகில் இன்று கம்பளியைக் காண்பது அரிது. பொலித்தீன் விரிப்பு, உரப்பையைப் பிரித்துத் தைத்த போர்வை, மலிவான பிளாஸ்ரிக் மழைச்சட்டை ஆகியவையே கொங்காணியின் வாரிசுகள். அவற்றின் மேல் கூடையின் கயிறு உச்சந்தலையை அழுத்துகிறது. கூடை முதுகை ஓயாது உரசுகிறது. கவ்வாத்து வெட்டிய குச்சிகள் இடுப்புக்கும் தொடைக்கும் நேராக ஈட்டிபோல் நிற்கின்றன. கைகள் நாள் முழுவதும் முன்னே நீண்டு மடிந்தவண்ணம் இருக்கின்றன.

மலையேறும் உல்லாசப் பயணியின் அங்கி தோளில் தேய்கிறது. கொழுந்தெடுப்பவளின் அங்கி இடுப்பில் தேய்கிறது. பயணியின் அங்கி ஆண்டுக்குச் சில நாள் நனைகிறது. இவளுடையது வாரத்தில் ஐந்தாறு நாள் நனைந்து, லயத்து அறையில் அடுப்படிக் கொடியில் அரைகுறையாக உலர்ந்து, மறுநாள் பிரட்டுக்குச் செல்கிறது. கம்பளியையும் கண்டு, இப்புதிய போர்வைகளையும் கண்ட முதியவள் ஒருத்தியிடம் எது நல்லது என்று கேட்டேன்.

“கம்பிளி நனைஞ்சா கனக்கும் ஐயா, ஆனா குளுராது. இந்தச் சீட்டு கனக்காது; மழையும் உள்ளுக்கு வராது. ஆனா உள்ளுக்குள்ளயே மழை பெய்யுது” என்றாள்.

நான் இதுவரை எழுதிய பல பந்திகளின் சாரம் அவள் கூற்றில் இருக்கிறது. உள்ளே பெய்யும் மழை அவளுடைய வியர்வை. மேற்கூறிய ஐரோப்பிய நியமம் இதனையும் அளந்திருக்கிறது. ஆவி வெளியேற இடந்தராத கடைசி வகுப்பு உடையைச் சட்டையும் காற்சட்டையுமாக முழுமையாக அணிந்தால், 25 பாகை வெப்பத்தில் 60 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அணியலாகாது என்பது அதன் அறிவுரை. 10 பாகைக் குளிரில் 240 நிமிடம். திறந்த போர்வைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. சிறிது காற்றாட இடமுண்டு. எனினும் 60 நிமிடத்தை ஒரு முழுநாள் வேலையோடு வைத்துப் பார்த்தால் அம்முதியவள் சொன்னதன் பாரம் விளங்கும்.

விலையுயர்ந்த மென்சவ்வு அங்கியைக் கொடுத்துவிட்டால் குறை தீருமா? முழுதும் தீராது. தோலருகே 34 பாகையில் நிறைவுற்ற ஆவியின் அமுக்கம் ஏறத்தாழ 5.3 கிலோபஸ்கால். வெளியே 5 பாகைக் குளிரில் அது 0.9 அளவே, வேறுபாடு பெரிதாகையால் ஆவி விரைந்து வெளியேறும். கண்டியில் மழை பெய்யும்போது வெளியே 24 பாகை என்றால் அங்கும் ஏறத்தாழ 3 கிலோபஸ்கால் ஆவி நிறைந்திருக்கிறது. ஆவியைத் தள்ளும் விசை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடுகிறது. குளிர்நாட்டு அங்கி இங்கே புழுங்குவதன் காரணம் இதுவே. இங்கு வேண்டுவது வேறு அமைப்பு: தலையும் தோளும் நனையாத, அக்குளும் முதுகும் காற்றாடத் திறந்த, இடுப்பிலும் தொடையிலும் தடித்த துணி வைத்த, கூடைக் கயிற்றின் அழுத்தத்திற்கு உச்சியில் இரட்டைத் துணியிட்ட ஓர் உடை. கொங்காணியும் படங்கும் அவ்வமைப்பை முன்னரே கண்டுபிடித்திருந்தன. பொருள்தான் பழையது, வடிவம் இம்மலைக்கு ஏற்றது.

பல்லேகலைத் தொழிற்பேட்டையிலும் பிற இடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களில் அமர்ந்து பிறநாட்டாருக்கு உடை தைப்போரில், லயங்களில் பிறந்து வளர்ந்த இளம்பெண்கள் பலர் உளர். தையலின் நுட்பமும் துணியின் தரமும் அவர்களின் கைக்குத் தெரியும். அவர்களுடைய தாய்மார் உரப்பையைப் போர்த்தி நிற்பது அறிவின் குறையால் நேர்ந்ததன்று. அவ்வறிவை இத்தொழிலின் பக்கம் யாரும் திருப்பாத குறையால் நேர்ந்தது. ஈரக் கொழுந்தை நிறுக்கும்போது நீருக்கென்று நிறை கழிக்கப்படுவதுண்டு. கொழுந்து எவ்வளவு நனைந்தது என்று கணக்கிடும் தொழில், அதை எடுத்தவள் எவ்வளவு நனைந்தாள் என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கலாமன்றோ?

பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை

இக்கட்டுரையைப் படிக்கும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பொறி எதுவும் வேண்டியதில்லை. ஒன்றரை மீற்றர் நீளமுள்ள பிளாஸ்ரிக் நீர்க்குழாய் ஒன்றை நிமிர்த்திக் கட்டுங்கள். அடிவாயில் சோதிக்கவேண்டிய துணியை இறப்பர் வளையத்தாலும் உலோகப் பட்டியாலும் இறுக்கிக் கட்டுங்கள். மேலிருந்து மெல்ல நீர் ஊற்றி, துணியின் கீழே மூன்றாவது துளி அரும்பும்போது நீரின் உயரத்தைக் குறியுங்கள். ஒரு மீற்றர் உயரம் ஏறத்தாழ 9,800 பஸ்கால், 1.3 மீற்றர் தாண்டினால் மூன்றாம் வகுப்பின் எல்லையை அடைந்தது போலாகும்.

அதன்பின் அதே துணியின் வேறொரு துண்டைத் தேயிலைக் கவ்வாத்துக் குச்சியால் நூறு முறை, ஐந்நூறு முறை, ஆயிரம் முறை உரசுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் விழும்படி குச்சியின்மேல் ஒரே நிறையை வையுங்கள். மீண்டும் குழாயிற் கட்டி உயரத்தைக் குறியுங்கள். ஒரு துண்டைச் சமையலறைக் கொடியில் ஒரு மாதம் நனைத்தும் உலர்த்தியும் வைத்தபின் அளந்து பாருங்கள். பொலித்தீன், உரப்பை, மழைச்சட்டைத் துணி, பழைய கம்பளி என நான்கையும் வரைபிற் குறித்தால், எக்கோடு முதலில் சரிகிறது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். மார்ட்டின்டேல் பொறியும் முதலில் இவ்வாறு ஒருவர் தம் முன்னிருந்த தேவையைக் கண்டு வகுத்ததுதான். கம்பளி நெய்த லீட்ஸ் நகரம் தன் துணிக்கு ஏற்ற சோதனையை வகுத்தது. தேயிலை விளையும் மலை தன் தொழிலுக்கு ஏற்ற சோதனையை வகுப்பதில் வியப்பென்ன?

அச்சோதனையின் முடிவுக்குப் பயன் உண்டு. தோட்டத்தில் மழைச்சட்டை வழங்கப்படும்போது, வழங்கப்பட்டதா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. எத்தனை உரசலுக்குப் பின் அது எவ்வளவு நீரைத் தாங்கும், எத்தனை மாதத்தில் மாற்றித் தரவேண்டும் என்று எண்களைக் கொண்டு கேட்கத் தொடங்கினால் பேச்சின் போக்கே மாறும். அன்று கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. அதன் ஆயுள் எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை. அந்த இரண்டாவது கணக்கை நம் மாணவர்கள் எழுதத் தொடங்கலாம். எழுதும்போது எந்தத் துணி வென்றது என்பதற்கு முன்னால், எந்த வேலைக்காக அதைச் சோதித்தோம் என்பதைத் தாளின் தலைப்பில் குறித்துக்கொள்ளட்டும்.